தாத்தாவின் வாட்ச் எந்த நேரத்தைக் காட்டியது? பழைய கைக்கடிகாரத்தைப் படிப்பது எப்படி

உங்கள் வீட்டு அலமாரியில், பழைய அடையாள அட்டைகளுக்கும் காலாவதியான வங்கிப் புத்தகங்களுக்கும் நடுவில், ஓடாத கைக்கடிகாரம் ஒன்று கிடக்கிறதா? அது 1982-க்கு முன்பே தீபகற்ப மலேசியாவில் யாரோ ஒருவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது என்றால், அதைப் பற்றி ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடலாம். 1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு, அல்லது மறுநாள் காலை, யாரோ அதன் குமிழை இழுத்து முள்ளை அரை மணி நேரம் முன்னே தள்ளியிருக்கிறார்.

அன்றிரவு மணி 11.30 ஆனதும், அதையே நள்ளிரவு 12 என்று அறிவித்துவிட்டார்கள். சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே அரை மணி நேரம் முன்னால் இருந்தன. நாடு முழுவதும் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காகத் தீபகற்பம் அவர்களோடு சேர்ந்துகொண்டது. சிங்கப்பூரும் கூடவே மாறியது. 11.30-க்கும் 12-க்கும் இடைப்பட்ட அந்த அரை மணி நேரம் இங்கே யாருக்கும் வரவே இல்லை.

பழைய வாட்ச் சேகரிப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ரோலெக்ஸ், ஏலம், மில்லியன் கணக்கில் விலை. அதுவும் இருக்கு, மறுக்கவில்லை. ஆனால் காப்பாரிலோ கிள்ளானிலோ ஒரு சாதாரண குடும்பத்தின் அலமாரியில் கிடக்கும் சீக்கோவுக்கும் ஒரு கதை உண்டு. அது எங்கே ஒளிந்திருக்கிறது, அதை எப்படிப் படிப்பது, தெரியாமல் எப்படி அழித்துவிடுகிறோம் என்று பார்ப்போம்.

ஒரே கடிகாரம், ஐந்து திருத்தம்

1981 நமக்குக் கடைசி மாற்றம். முதல் மாற்றம் அல்ல.

1905 ஜூன் 1 முதல் மலாயாவின் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி நேரம் முன்னால் இருந்தது. 1933 ஜனவரி 1-இல் பகல் வெளிச்சத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று சொல்லி 20 நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பர் 1-இல் இன்னொரு 10 நிமிடம். சில மாதங்களில் ஜப்பானியர் வந்தார்கள். 1942-இல் நாடு முழுவதும் தோக்கியோ நேரத்துக்கு மாறியது. ஒரே தாவலில் ஒன்றரை மணி நேரம்! 1945 செப்டம்பரில் ஜப்பானியர் சரணடைந்த பிறகு முள் மீண்டும் ஒன்றரை மணி நேரம் பின்னுக்கு வந்தது. பிறகு 1981-இன் அந்தக் கடைசி இரவு.

அதாவது 1930-இல் வாங்கிய ஒரு கடிகாரம் 1982 வரை ஓடியிருந்தால், அரசாங்கம் சொன்னதற்காக மட்டும் ஐந்து முறை திருத்தப்பட்டிருக்கும்.

தோக்கியோ நேரம் என்றால் என்ன என்று மனத்தில் ஓட்டிப் பாருங்கள். இப்போது காப்பாரில் சூரியன் உதிப்பது காலை 7 மணிக்குச் சற்று முன்பின். அதோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டினால் ஜப்பானிய ஆட்சிக் காலத்துக் கணக்கு. கடிகாரம் 8 மணியைக் காட்டினால்தான் வெளிச்சம் வரும். இப்போதுகூட நம் கடிகாரம் சூரியனைவிட முந்தியே ஓடுகிறது. காப்பாரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் ஒன்றேகால் மணிக்குத்தான், பன்னிரண்டுக்கு அல்ல. 'உச்சி வெயில்' என்று பெரியவர்கள் சொல்லும்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், நிழலைப் பாருங்கள்.

மணி யார் கையில் இருந்தது?

இங்கேதான் நம் சமூகத்தின் பகுதி வருகிறது.

காப்பார், மேரு, கிள்ளான் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள். ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது வெயில் ஏறுவதற்கு முன்புதான். அதனால் இருட்டிலேயே பெரட்டு மணி அடிக்கும். லயத்து வீடுகளில் இருந்து ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள், கிராணி பேர் கூப்பிடுவார், வேலை தொடங்கும். மணி எத்தனை என்பதைத் தொழிலாளி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குச் சொல்லப்படும். கடிகாரம் இருந்தது துரையிடமும் கிராணியிடமும், அலுவலகச் சுவரிலும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தைப் பள்ளியில் ஒரு வரியில் படித்திருக்கலாம், படிக்காமலும் போயிருக்கலாம். ஆர். எச். நாதன் தலைமையிலான கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது. தோட்ட மேலதிகாரியைக் கண்டால் சைக்கிளில் இருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்க வேண்டும் என்பது இருந்தது. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை நாளை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தோட்டங்கள் மீண்டும் கொதித்தன. இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில்தான் மேலே சொன்ன அந்தப் 10 நிமிட மாற்றம்.

பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குகிறார்கள் என்று புகார் சொல்ல வேண்டுமானால், முதலில் பன்னிரண்டு மணி நேரத்தை எண்ணத் தெரிய வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் தன் சம்பளத்தில் முதல் முறையாக ஒரு வாட்ச் வாங்கிக் கட்டியபோது அது வெறும் நகை இல்லை என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். இனி மணியை இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்சும் போடும் வழக்கத்தைக் கேலி செய்கிறோம். அந்த வாட்சுக்கு அன்று இருந்த எடையையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

பின்மூடியைத் திருப்பிப் பாருங்க

சரி, கையில் ஒரு வாட்ச் இருக்கு. யாருடையது, எப்போது வாங்கியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. எங்கே தொடங்குவது?

டயலைப் பார்க்காதீங்க, பின்னால் திருப்புங்க. நம் வீடுகளில் அதிகம் கிடைக்கக்கூடிய ஒன்று சீக்கோ 5. அதையே எடுத்துக்கொள்வோம். 1963-இல் 'ஸ்போர்ட்ஸ்மேட்டிக் 5' என்ற பெயரில் இந்த வரிசை ஜப்பானில் தொடங்கியது. 5 என்பது ஐந்து அம்சங்கள்: தானாகச் சுற்றிக்கொள்ளும் இயந்திரம், கிழமையும் தேதியும் ஒரே சன்னலில், தண்ணீர் தாங்கும் தன்மை, 4 மணி இடத்தில் உள்ளடங்கிய குமிழ், உறுதியான உடலும் பட்டையும். கைக்குள் அடங்கும் விலையில் இத்தனையும்.

அதன் பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, நான்கு இலக்கம், ஒரு கோடு, அப்புறம் இன்னொரு நான்கு எழுத்து. முதல் நான்கு இலக்கம் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண். 6119 என்றால் அறுபதுகளின் கடைசி முதல் எழுபதுகள் வரை. 7009 என்றால் எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பின். 7எஸ்26 என்றால் 1996-க்குப் பின், அதாவது தாத்தாவுடையது என்று யாராவது சொன்னால் சந்தேகப்படலாம்.

இன்னொன்று ஆறு இலக்க வரிசை எண். இதில்தான் சுவாரசியம். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண். இரண்டாவது, மாதம்: 1 முதல் 9 வரை ஜனவரி முதல் செப்டம்பர், பிறகு அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. உதாரணமாக எண் 78-இல் தொடங்கினால், ஏழில் முடியும் ஏதோ ஓர் ஆண்டின் ஆகஸ்ட். 1967-ஆ, 1977-ஆ, 1987-ஆ? அதை இயந்திர எண்ணோடு சேர்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 6119 இயந்திரம் என்றால் 1977-க்கு நியாயம் குறைவு, 7009 என்றால் 1967-க்கு வாய்ப்பே இல்லை. கொஞ்சம் துப்பறியும் வேலை. ஐந்து நிமிடம் போதும், தொலைபேசி விளக்கு இருந்தால் போதும்.

கிழமைச் சக்கரத்தையும் திருப்பிப் பாருங்கள். ஆங்கிலத்தோடு இரண்டாவதாக ஒரு மொழி இருக்கும். ஜப்பானில் விற்றதில் ஜப்பானிய எழுத்து, மத்திய கிழக்குக்குப் போனதில் அரபு. உங்கள் மாமா வளைகுடாவில் வேலை பார்த்தாரா என்பதற்குக்கூட அதில் ஒரு துப்பு கிடைக்கலாம்.

சீக்கோ இல்லையா? டயலில் ஒரு சிறிய பூச்சின்னம் இருந்தால் அது டைட்டோனியாக இருக்கலாம். 1919-இல் சுவிட்சர்லாந்தின் கிரென்சென் ஊரில் தொடங்கிய நிறுவனம். அந்தப் பூ, சீனர்கள் கொண்டாடும் பிளம் மலர். ஆசியச் சந்தையில் அதற்குக் கிடைத்த மரியாதைக்கு அந்தப் பூவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. எச்.எம்.டி. என்று எழுதியிருந்தால் அது இந்தியாவில் இருந்து வந்தது. இந்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு 1961-இல் பெங்களூரில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. தினமும் சாவி கொடுக்க வேண்டிய அதன் 'ஜனதா' ரகம் இந்தியாவில் ஒரு தலைமுறையின் முதல் வாட்ச். வாட்ச் பிரிவை மூடும் முடிவை இந்திய அரசு 2016-இல் எடுத்தது. மூடிய பிறகுதான் சேகரிப்பவர்கள் தேட ஆரம்பித்தார்கள், வழக்கம்போல.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த தடயம் பின்மூடியின் உள்பக்கத்தில் இருக்கிறது. பழுது பார்க்கும் ஆசாரிகள் மூடியைத் திறந்ததும், உள்ளே ஊசியால் சின்னதாக ஒரு குறி கீறி வைப்பார்கள். ஒரு தேதி, ஒரு எண், சில நேரம் பெயரின் முதல் எழுத்து. அடுத்த முறை அதே வாட்ச் வந்தால் எப்போது தொட்டோம் என்று தெரிய வேண்டும் அல்லவா? நான்கு குறி இருந்தால், நான்கு முறை யாரோ காசு கொடுத்து அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் இதை வீட்டில் கத்தியால் நெம்பித் திறக்காதீர்கள், ப்ளீஸ். ரிப்பேர் கடையில் திறக்கும்போது பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீறல் ஏன் விலை போகிறது?

2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு ரோலெக்ஸ் டேடோனா 17.75 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அதே ரகத்தில் வேறு வாட்சுகள் அந்தத் தொகையில் ஒரு சிறு பங்குக்குத்தான் போகும். இது ஏன் இப்படி? இதைக் கட்டியிருந்தவர் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன். அவர் கார் பந்தயத்திலும் இறங்குவார். கவனமாக ஓட்டு என்ற அர்த்தத்தில் அவர் மனைவி பின்மூடியில் பொறித்துக் கொடுத்த மூன்று சொற்கள் அப்படியே இருந்தன. அந்த மூன்று சொல்லை யாராவது அழகுக்காகத் தேய்த்து எடுத்திருந்தால்?

2009 மார்ச்சில் அதே நியூயார்க்கில் காந்தியின் கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டோடு அவருடைய ஜெனித் சட்டைப்பைக் கடிகாரமும் ஏலத்துக்கு வந்தது. எல்லாம் சேர்ந்து 18 லட்சம் டாலர். புத்தம் புதிதாக இருந்ததற்காக யாரும் அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை.

நம் வீட்டு சீக்கோவுக்கு அப்படி விலை வராது. உண்மையைச் சொல்லிவிடுவோம்: பெரும்பாலான பழைய சீக்கோக்கள் சில நூறு ரிங்கிட்டைத் தாண்டுவதில்லை. அதனால்தான் அவற்றைக் கவனக்குறைவாக நடத்துகிறோம்.

என் வீட்டிலேயே நடந்தது. தாத்தாவின் வாட்சை ஓட வைக்கலாம் என்று ஒரு கடையில் கொடுத்தோம். ஒரு வாரத்தில் பளபளவென்று திரும்பி வந்தது. மஞ்சள் பூத்திருந்த டயலுக்குப் புது வண்ணம், பின்மூடிக்கு நல்ல பாலிஷ். வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம்தான் அம்மா மெதுவாகக் கேட்டார், பின்னாடி தாத்தா பேர் வெட்டியிருந்ததே, எங்கே? கடைக்காரர் மேல் தப்பில்லை. புதுசு மாதிரி பண்ணிக் கொடுங்க என்று சொன்னது நாங்கள்தான்.

ஆகவே கடையில் கொடுக்கும்போது தெளிவாகச் சொல்லுங்கள்: இயந்திரத்தைச் சுத்தம் செய்து எண்ணெய் போடுங்க, ரப்பர் வளையத்தை மாத்துங்க, டயலையும் முள்ளையும் தொடாதீங்க, பாலிஷ் வேண்டாம். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். கொடுப்பதற்கு முன் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

இருட்டில் ஒளிரும் முள்ளா? கொஞ்சம் நில்லுங்க

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

1910-களில் இருந்து 1960-கள் வரை, இருட்டில் தெரிவதற்காக முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த சாயம் பூசினார்கள். 1920-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இந்தச் சாயம் பூசும் வேலையில் இருந்த இளம்பெண்கள், தூரிகையின் நுனியைக் கூராக்க உதட்டில் வைத்து வைத்து, தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். பழைய வாட்சின் இருண்ட வரலாறு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்கள்தான்.

இப்போது அந்த முள் ஒளிர்வதில்லையே, ஆபத்து போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஒளி தரும் துத்தநாகக் கலவைதான் செத்துப்போயிருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். மூடியிருக்கும் வரை எப்போதாவது கட்டுவதில் பெரிய பயமில்லை. ஆனால் வீட்டில் திறக்காதீர்கள், சாயத்தைச் சுரண்டாதீர்கள், உதிரும் தூள் மூச்சிலோ வாயிலோ போகக் கூடாது. கண்ணாடி உடைந்திருந்தால் பிளாஸ்டிக் பையில் மூடி வைத்து, விவரம் தெரிந்த பழுது பார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

டயலின் அடியில் சுவிஸ் என்ற சொல்லின் இரு பக்கமும் டி என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அதில் இருப்பது ரேடியம் அல்ல, ட்ரிட்டியம். அது சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். எழுபதுகளின் வாட்சுகளில் பெரும்பாலும் ரேடியம் இருக்காது.

வாங்கப் போகிறீர்கள் என்றால்

வீட்டில் எதுவும் இல்லை, ஆனால் ஆசை வந்துவிட்டதா? கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர் முதலில் போகும் இடம் பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மாலின் வார இறுதிப் பழம்பொருள் சந்தை. பழைய நாணயம், இசைத்தட்டு, எனாமல் கரியர் எல்லாவற்றுக்கும் நடுவில் வாட்சுகளும் இருக்கும். முதல் முறை வாங்காதீர்கள். சுற்றிப் பாருங்கள், கையில் எடுத்துப் பாருங்கள், விலை கேளுங்கள், வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இணையத்தில் மலிவாக வரும் எச்.எம்.டி., சீக்கோ வாட்சுகளில் நிறைய, பழைய இயந்திரத்துக்குப் புது டயல் அச்சடித்து ஒட்டியவை. ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று கண்ணைப் பறிக்கும். எழுத்தின் ஓரம் மங்கலாக இருக்கிறதா, நிமிடக் கோடுகள் எண்ணோடு சரியாகப் பொருந்தவில்லையா, ஐம்பது வருட வாட்சின் டயல் நேற்று அச்சடித்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். அழகாக இருக்கிறது என்று தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. அதைத் தாத்தா காலத்து அசல் என்று நினைத்து அசல் விலை கொடுப்பதுதான் தப்பு. விற்பவர் வாட்சோடு ஒரு உருக்கமான கதையும் சொல்வார். இராணுவ அதிகாரி கட்டியது, துரை கொடுத்தது என்று. ஆதாரம் இல்லாத கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

கட்டிக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் பல வருடம் தூங்கிய வாட்ச் இரண்டு முறை ஆட்டியதும் ஓடுகிறது என்று அப்படியே தினமும் கட்ட ஆரம்பிக்காதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், பல் சக்கரங்கள் உலோகத்தோடு உலோகம் தேயும். முதலில் ஒரு சர்வீஸ். பழைய சீக்கோ 5-இல் பெரும்பாலும் குமிழைச் சுற்றி சாவி கொடுக்க முடியாது. கையை மெதுவாக அசைத்தாலே போதும், அது அப்படித்தான் செய்யப்பட்டது. ஓடவில்லை என்று குமிழை முறுக்கி உடைத்தவர்கள் உண்டு.

நம் ஊர் வெயிலும் ஈரமும் இதற்குப் பெரிய எதிரி. பின்மூடியில் தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருந்தாலும், அந்த வாக்குறுதி நாற்பது வருடத்துக்கு முந்தியது. குளிக்கும்போதும் மழையிலும் கழற்றிவிடுங்கள். கட்டாத நாட்களில் காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா பையோடு ஒரு டப்பாவில் போடுங்கள். ஒலிபெருக்கி, கைப்பையின் காந்தப் பூட்டு இவற்றின் மேல் வைத்தால் திடீரென்று வேகமாக ஓட ஆரம்பிக்கலாம், காந்தம் நீக்கினால் சரியாகும். கிழமையையும் தேதியையும் இரவு 9 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் நடுவில் மாற்றாதீர்கள், அந்த நேரத்தில் உள்ளே சக்கரங்கள் தாமே நகர்ந்துகொண்டிருக்கும், பல் உடையும்.

ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின் ஓடினால் பயப்பட வேண்டாம். அந்த வயதில் அது நல்ல உடல்நிலை.